60 நாள் கணக்கு எப்போது தொடங்கும்?

"அமெரிக்காவில் எச்-1பி (வெளிநாட்டவருக்கான தற்காலிக வேலை விசா) வேலை போனால், நிறுவனம் உங்களுக்காகப் போட்ட விசா மனுவைத் திரும்பப் பெற்ற பிறகுதான், அங்கே தொடர்ந்து தங்க விடும் 60 நாள் கெடு ஓடும், பணிநீக்க இழப்பீடு வரும் மாதங்கள் அதில் சேராது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு. இதை நம்பினால் தெரியாமலேயே நாட்கள் கைவிட்டுப் போய்விடும்.

2017 முதல் உள்ள விதிப்படி, வேலை முடிந்த மறுநாளே முதல் நாள். பொதுவாக, சம்பளம் கணக்கிட்ட கடைசி நாளையே வேலை முடிந்த நாளாக எடுப்பார்கள். அது மார்ச் 31 என்றால், இழப்பீடு ஜூன் வரை வந்தாலும் மே 30-ஓடு கெடு முடிகிறது. விடுமுறை நாட்களும் கணக்கில் சேரும். ஐ-94 (அமெரிக்காவில் எதுவரை தங்கலாம் என்று காட்டும் பதிவு) மே 10-இல் காலாவதியானால் கெடுவும் அன்றே முடியும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான், முதலில் அந்தத் தேதியைப் பாருங்கள்.

புதிய நிறுவனத்தின் எச்-1பி மனுவோ, பி-2 (சுற்றுலாப் பயணி) நிலைக்கு மாறும் ஐ-539 விண்ணப்பமோ கெடுவுக்குள் குடியேற்றத் துறையின் கைக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். தபாலில் போட்ட தேதி உதவாது.

அனுமதிக் காலம் முடியுமுன் நிறுவனமே நீக்கினால், ஊர் திரும்பும் நியாயமான பயணச் செலவு அதன் பொறுப்பு. நீங்களாக விலகினால் கிடையாது, குடும்பத்தாருக்கும் கிடையாது.