அது என் சின்ன அப்பத்தாவின் முகம் அல்ல

நான் சீரமைத்துக் கொடுத்த எங்கள் பழைய படத்தை ஒரு செயலியில் மாற்றி விழா மலர் அட்டையில் அச்சடித்ததைப் பற்றி நான் இரண்டு வரி எழுதியதற்கு வந்த பதில்களை ஒன்று விடாமல் படித்துவிட்டேன். எந்த மலர், யார் வெளியிட்டார்கள் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பெயர் சொல்லிச் சண்டைக்கு இழுக்கும் எண்ணமும் எனக்கு இல்லை. ஆனால் "நல்ல காரியம் செய்தால் குறை சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள்" என்று எழுதிய தம்பிக்கும், அதற்கு இதயக்குறி போட்ட பெரியவர்களுக்கும் பதில் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வரப்போவதில்லை.

கிழிந்ததை ஒட்டலாம். கறையை நீக்கலாம். வெளுத்துப்போனதை மீண்டும் தெளிய வைக்கலாம். ஆனால் படத்தில் இல்லாத முகத்தைப் புதிதாக வரைந்து வைத்து, இதுதான் அவர் என்று ஊருக்குக் காட்டக் கூடாது. நான் சொன்னது இவ்வளவுதான். இதில் பொறாமை எங்கே வந்தது?

அந்தப் படம் பர்மாவின் பெகு நகரில் தீமிதி முடிந்த மறுநாள் எடுத்தது. பின்பக்கம் பென்சிலில் 1937 என்று எழுதியிருக்கிறது. பர்மாவை இந்தியாவிலிருந்து தனியாகப் பிரித்த அதே ஆண்டு. நடுவரிசையில் இடமிருந்து மூன்றாவதாக நிற்பவர் என் அப்பத்தா. அவர் தோளை ஒட்டி நிற்பவர் அவருடைய தங்கை, எங்களுக்குச் சின்ன அப்பத்தா. 1942 மார்ச்சில் ரங்கூன் (இன்றைய யாங்கோன்) ஜப்பானியர் கையில் விழுந்தபோது, இந்தியாவுக்கு நடந்தே கிளம்பிய லட்சக்கணக்கானவர்களில் அவரும் ஒருவர். எல்லையோரத் தமு வழியாக இம்பாலுக்குப் போகும் பாதையில் பேதி கண்டு இறந்தார் என்று கூடப் போனவர்கள் பிறகு சொல்லி அனுப்பினார்கள். அப்பத்தா கைக்குழந்தையோடு நடக்க முடியாது என்று பெகுவிலேயே தங்கிவிட்டார். அந்தக் கைக்குழந்தைதான் என் அப்பா. சின்ன அப்பத்தாவுக்குச் சமாதி கிடையாது, கடிதம் கிடையாது, வேறு படமும் கிடையாது.

அந்த ஒரு படத்தையும் நர்கிஸ் புயல் விடவில்லை. 2008 மே 2ஆம் தேதி இரவு கூரைத் தகரம் பறந்து, விடியும்வரை மழை வீட்டுக்குள்ளேயே பெய்தது. சட்டத்துக்குள் தண்ணீர் இறங்கி, படத்தின் மேலிருந்த, உருவத்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஊறிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. பிறகு வந்த மழைக்காலத்தில் பூஞ்சை பிடித்தது. சின்ன அப்பத்தாவின் முகத்தில் இடது பாதி கரைந்து, அந்த இடத்தில் வெறும் காகிதம் மிஞ்சியது.

இதை நான் எப்படிச் சரிசெய்தேன் என்று கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒட்டிய படத்தைப் பிய்க்கக் கூடாது. பிய்த்தால் உருவம் கண்ணாடியோடு போய்விடும், கையில் வெள்ளைக் காகிதம்தான் வரும். அதனால் கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்தேன். கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று சாம்பல் நிறத்தில் ஸ்கேன் செய்வார்கள், அதுவும் தவறு. வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும், அப்போதுதான் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அலைவரிசைகளாகப் பிரியும். மஞ்சளும் பழுப்புமான நீர்க்கறை நீல அலைவரிசையில் கன்னங்கரேலென்று இருக்கும், சிவப்பு அலைவரிசையை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். அப்படிப் பார்த்தபோது, அதுவரை வெறும் கறையாகத் தெரிந்த இடத்திலிருந்து என் அப்பத்தாவின் காது வெளியே வந்தது. நீண்டு தொங்கும் காது, அதில் தண்டட்டி. எந்த மென்பொருளும் அதை வரையவில்லை. வெள்ளித் துகளாக அது அங்கேயே இருந்திருக்கிறது. அன்று மானிட்டருக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

பிறகு மூலத்தில் கை வைக்காமல், தனி அடுக்கில் ஒவ்வொரு விரிசலாக, பக்கத்தில் இருக்கும் இடத்தை எடுத்து நிரப்பினேன். யாங்கோனில் மின்சாரம் வரும் நேரம் பார்த்துச் செய்யும் வேலை இது. சேலை மடிப்பில் விரிசல் என்றால் நிரப்பலாம், மடிப்பு எப்படித் தொடர்கிறது என்று கண்ணுக்குத் தெரிகிறது. பின்சுவர் என்றால் நிரப்பலாம். சின்ன அப்பத்தாவின் இடது பாதி முகத்தை நிரப்பவில்லை. வெளிர்சாம்பல் நிறத்தில் அப்படியே விட்டேன். நிரப்பத் தெரியாமல் விடவில்லை. வலது கண்ணைப் புரட்டிப் போட்டு இடது கண்ணாக ஒட்டுவது ஐந்து நிமிட வேலை. அங்கே என்ன இருந்தது என்று படம் சொல்லவில்லை, அதனால் விட்டேன்.

அந்தக் கோப்பைத்தான் மலருக்குக் கொடுத்தேன். அதை ஒரு செயலியில் போட்டு எடுத்து அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அட்டையில் சின்ன அப்பத்தாவுக்கு இரண்டு கண்களும் பளிச்சென்று இருக்கின்றன. அவருக்குச் சிறுவயதில் அம்மை போட்டு இடது கண்ணில் பூ விழுந்திருந்தது. அதனால் வெகுநாள் வரன் அமையவில்லை என்று அப்பத்தா சொல்வார். படம் எடுக்கும்போதுகூட அந்தப் பக்கத்தை அக்காவின் தோளில் மறைத்துக்கொள்ளப் பார்த்தாராம். செயலிக்கு இது எப்படித் தெரியும்? கன்னத்து அம்மைத் தழும்பையும் துடைத்துவிட்டது. என் அப்பத்தாவின் தண்டட்டிக் காதைச் சுருக்கி, நாகரிகமாக ஒரு சின்னத் தோடு போட்டுவிட்டது. ஓரத்தில் நிற்கும் இரண்டு பெண்கள் கன்னத்தில் வட்டமாகத் தனக்கா, அதாவது பர்மியப் பெண்கள் பூசும் மரப்பட்டைச் சாந்து, பூசியிருந்தார்கள். அதைப் பூஞ்சைக் கறை என்று நினைத்ததோ என்னவோ, வழித்து எடுத்துவிட்டது. நூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் இருக்கிறோம், நம் பெண்கள் முகத்தில் இந்த மண்ணின் அடையாளமாக இருந்தது அது ஒன்றுதான். அதுவும் போயிற்று.

இது ஏன் நடக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். இத்தகைய செயலிகளுக்கு வழிகாட்டியாக அமைந்த நிரல்களில் ஒன்று, 2021இல் சீனாவின் டென்சென்ட் நிறுவன ஆய்வாளர்கள் வெளியிட்ட ஜிஎஃப்பிகேன். அது படத்திலிருந்து ஒவ்வொரு முகத்தையும் தனியாக வெட்டி எடுத்து, தான் ஏற்கெனவே கற்ற முகங்களை வைத்து ஒரு புதிய முகத்தை உண்டாக்கி, பழைய இடத்தில் ஒட்டுகிறது. அது கற்ற பாடம், ஃபிளிக்கர் என்ற புகைப்படத் தளத்திலிருந்து திரட்டிய 70,000 முகங்களின் தொகுப்பு. 1937இல் பெகுவில் தண்டட்டி போட்டுக்கொண்டு தீமிதித்த ஒரு பெண் அந்த 70,000இல் எத்தனை முறை வந்திருப்பாள்? தனக்கில்லாத பாடத்தை அது எங்கிருந்து சொல்லும்? தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் போடும்.

வண்ணமும் இப்படித்தான். மூலப் படத்தில் நெற்றிக் குங்குமம் எல்லோருக்கும் கறுப்பாக விழுந்திருக்கிறது. அந்தக் காலத்து ஆர்த்தோகுரோமாட்டிக் தகடு சிவப்பு ஒளியை உணராது. சிவப்பும் கறுப்பும் அதற்கு ஒன்றுதான், மஞ்சளும் கண்ணுக்குத் தெரிவதைவிட மங்கித்தான் விழும். விரதம் இருந்து மஞ்சள் சேலை கட்டி நின்ற பெண்களுக்கெல்லாம் அட்டையில் பச்சையும் நீலமும் கொடுத்திருக்கிறார்கள். தீமிதிக்கு நீலச் சேலை கட்டிப் போன ஒரு பெண்ணை நம் கோயிலில் யாராவது பார்த்ததுண்டா? மலர்க் குழுவில் இத்தனை பெரியவர்கள் இருந்தும் ஒருவர் கண்ணிலும் படவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

"அந்தக் காலத்திலேயே கையால் வண்ணம் தீட்டினார்களே" என்று ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். தீட்டினார்கள். ரங்கூன் புகைப்படக்காரர் டி.ஏ. அஹுஜாவின் வண்ண அஞ்சலட்டைகளை நானும் பார்த்திருக்கிறேன். ஸ்டூடியோவில் படத்தின் மேல் மெல்லிய சாயம் பூசினார்கள். அடியில் இருக்கும் முகம் அப்படியே இருந்தது. சாயம் தனி, முகம் தனி என்று பார்க்கிறவனுக்குத் தெரிந்தது. சேலைக்கு என்ன நிறம் என்று வீட்டாரைக் கேட்டுப் பூசிய ஸ்டூடியோக்காரர்களும் உண்டு. இங்கே யார் யாரைக் கேட்டார்கள்?

"படத்தைப் பார்த்து எங்கள் அம்மா சந்தோஷத்தில் அழுதார்கள்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அவர் அம்மாவின் கண்ணீரை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். என் கண்ணீருக்கும் அதே மரியாதை வேண்டும் என்று மட்டும் கேட்கிறேன்.

அடுத்ததுதான் என்னைச் சுட்டது. "அண்ணனுக்குத் தொழில் போய்விடும் என்ற பயம்" என்றார் ஒருவர். அதற்கு எத்தனை சிரிப்புக்குறிகள்! நம் ஜனங்களின் பழைய படங்களுக்கு நான் எப்போதாவது காசு வாங்கியிருக்கிறேனா? அச்சுக் காகிதத்துக்கு மட்டும் வாங்குவேன், அதுவும் கொடுக்க முடிந்தவர்களிடம். என் சோறு பாஸ்போர்ட் அளவு படத்திலும் கல்யாண ஆல்பத்திலும் வருகிறது. மௌலமைனிலிருந்து பஸ்ஸில் ஒரு பெரியவர் மடியில் துணி சுற்றிக் கொண்டுவந்த படத்துக்கு வாரக்கணக்கில் உட்கார்ந்தேனே, அது எந்தத் தொழில்? கணினியும் மென்பொருளும் வேண்டாம் என்று நான் சொன்னேனா? நானே கணினியில்தான் செய்கிறேன். கீறலைக் கண்டுபிடிக்க, தூசியை நீக்க இயந்திரம் உதவட்டும், நானும் பயன்படுத்துகிறேன். முகத்தில் கை வைக்காதே என்கிறேன். எத்தனை முறை சொன்னாலும் "அண்ணன் புதுமைக்கு எதிரி" என்றே திருப்பிச் சொல்கிறார்கள். கேட்க விருப்பம் இல்லாதவனுக்கு எப்படிச் சொல்வது?

"படம்தானே, இதற்குப் போய் இவ்வளவா" என்பவர்களுக்குக் கம்போடியாவை நினைவுபடுத்துகிறேன். 2021 ஏப்ரலில், கெமர் ரூஜ் ஆட்சியின் துவோல் ஸ்லெங் சிறையில் கொல்லப்பட்டவர்களின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் கொடுத்தார். ஓர் இணைய இதழ் அவற்றை வெளியிட்டது. பார்த்தால், சாகப்போகிறவர்கள் சிலரின் முகத்தில் மூலத்தில் இல்லாத புன்னகை. கம்போடியப் பண்பாட்டு அமைச்சகமே கண்டித்தது, இதழ் படங்களை எடுத்துவிட்டது. அங்கே குடும்பத்தார் எழுந்து கேட்டார்கள். இங்கே நான் கேட்டால் பொறாமைக்காரன்.

நம் அட்டையிலும் சிரிக்க வைத்திருக்கிறார்கள், கவனித்தீர்களா? பின்வரிசையில் தலைப்பாகை கட்டிய மேஸ்திரியின் உதட்டோரத்தைப் பாருங்கள். மூலத்தில் அவர் கடுகடுவென்று நிற்கிறார்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் நாம் யார், எப்போது வந்தோம் என்று காட்டச் சொல்லித்தான் நம்மை வைத்திருக்கிறார்கள். 1982 குடியுரிமைச் சட்டம் வந்தபின் நம்மில் எத்தனை பேர் கையில் முழுக் குடியுரிமை இல்லாத பச்சை அட்டை, எத்தனை பேர் கையில் அதுவும் இல்லை என்று உங்களுக்கே தெரியும். 1948 ஜனவரி 4க்கு முன்பே நம் முன்னோர் இங்கே இருந்தார்கள் என்பதற்கு உறுதியான சான்று கொண்டுவா என்கிறது சட்டம். எங்கே போவது? 1941 டிசம்பரில் ஜப்பானியர் போட்ட குண்டில் கொஞ்சம் எரிந்தது. 1964இல் ராணுவ அரசு கடையைப் பிடுங்கிக்கொண்டது, பெரியப்பா கப்பலேறினார், சென்னை வியாசர்பாடி பர்மா காலனியில் போய் உட்கார்ந்தார். துறைமுகத்தில் பெரியம்மாவின் மூக்குத்தியைக்கூட விடவில்லையாம். மிச்சம் இருந்த காகிதத்தை நர்கிஸ் நனைத்தது. நம்மிடம் எஞ்சியிருப்பவை இப்படி நாலு படங்கள். அவற்றிலும் முகத்தை மாற்றி, சேலையை மாற்றி, காதை மாற்றி வைத்தால், நாளைக்கு ஒருவன் "இதெல்லாம் கணினியில் செய்தது" என்று ஒதுக்கித் தள்ளினால் நாம் என்ன பதில் சொல்வது? உண்மையான படத்தையும் சேர்த்தல்லவா சந்தேகிப்பான்? இதை யோசிக்க ஒருவருக்கும் நேரம் இல்லை. அழகாக இருக்கிறது, பகிர்ந்துவிட்டோம், முடிந்தது.

பேரப்பிள்ளைகள் பழைய படத்தைப் பார்க்க மாட்டார்கள், வண்ணத்தில் இருந்தால்தான் பார்ப்பார்கள் என்றும் சொன்னார்கள். என் மகள் பார்க்கிறாள். அந்தச் சாம்பல் இடத்தைக் காட்டி, இங்கே ஏன் ஒன்றும் இல்லை என்று கேட்டாள். நர்கிஸைச் சொன்னேன், அம்மையைச் சொன்னேன், தமு பாதையைச் சொன்னேன். அட்டைப் படத்தைக் காட்டினேன். "யார் இந்த அக்கா?" என்றாள்.

மலர்க் குழுவுக்கு நான் வைக்கும் கோரிக்கை பெரியது ஒன்றும் இல்லை. அச்சான பிரதிகளைத் திரும்பப் பெறச் சொல்லவில்லை. உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைத்து, அட்டைப் படம் செயலியால் மாற்றப்பட்டது என்று அச்சடியுங்கள், அந்தச் செலவை நான் தருகிறேன். மின்பதிப்பில் மூலப் படத்தைப் போடுங்கள், கோப்பு உங்களிடமே இருக்கிறது. வீட்டில் கண்ணாடியில் ஒட்டிய படம் வைத்திருப்பவர்கள் யாரும் அதைப் பிய்க்காதீர்கள், வெயிலில் காய வைக்காதீர்கள், சட்டத்தோடு என்னிடம் கொண்டுவாருங்கள். படத்தில் இருப்பவர்களைத் தெரிந்த பெரியவர் யாராவது வீட்டில் இருந்தால் அவரையும் அழைத்து வாருங்கள்.

பின்னூட்டத்தில் அந்த அட்டையை மறுபடியும் ஒட்டினால் நீக்கிவிடுவேன். திட்டுவதானால் திட்டுங்கள், அது இருக்கட்டும்.