எழுதிக்கொண்டிருந்தா வேலை செய்யேல்லையாம்!

"மிஸ், நீங்க கதிரையில சொகுசா இருந்து எழுதுங்கோ, அங்க எங்கட அம்மாக்கு சேலைன் முடியுது!"

நேற்றுப் பின்னேரம், ஆக்கள் பார்க்க வாற நேரத்தில, ஒரு மகன் வாட்டே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தினார். ஓடிப் போய்ப் பார்த்தன். சேலைன் பாதி இருக்கு. நான் எழுதிக்கொண்டிருந்தது அவரின்ர அம்மாவின்ர கணக்குத்தான். எவ்வளவு தண்ணி உள்ள போனது, எவ்வளவு சலம் போனது எண்டு. இதயம் பலவீனமான மனுசி. அந்தக் கணக்குப் பிழைச்சா நுரையீரல்ல தண்ணி கோத்து மூச்சு முட்டும். அதுவும் பராமரிப்புத்தான், ஐயா!

கட்டிலுக்குப் பக்கத்தில நிண்டாத்தான் தாதி, மேசைக்குப் போனா சோம்பேறி எண்டு யார் சொல்லித் தந்தது? மோர்பினை எண்ணிப் பதிவுப் புத்தகத்தில எழுதுறது, மருந்து குறைஞ்சா ஃபார்மசிக்கு எழுதுறது, சாப்பாட்டுக் கணக்குக் குடுக்கிறது, விரிப்பு எண்ணுறது, ரிப்போர்ட் கேட்டு லாபுக்கு நாலு தரம் போன் எடுக்கிறது. இதெல்லாம் ஆர் செய்யிறது?

"மற்றவைக்குப் பிரிச்சுக் குடுங்கோ" எண்டு மேல இருக்கிறவை லேசாச் சொல்லுவினம். ஆருக்கு? எங்கட வாட்டில பின்னேரம் ஒரேயொரு சிற்றூழியர். எக்ஸ்ரேக்கு ட்ரொலி தள்ளுறதும் அந்தத் தம்பிதான், சாப்பாடு எடுக்கப் போறதும் அவர்தான். அவரில எனக்குக் கோவமே இல்லை. மருந்து குடுக்கிறதையும் நோயாளியின்ர நிலைமையை மட்டுக்கட்டிறதையும் நான் அவரிட்ட விட ஏலாது, விடவும் கூடாது. இரத்தக் குழாயை லாபுக்குக் கொண்டு போறதைக் குடுக்கலாம். ஆனா பிந்தினா கேள்வி வாறது என்னட்டத்தான்.

நேற்று அதுதான் நடந்தது. அதே அம்மாவின்ர இரத்தம் தட்டிலயே கிடந்தது. இரத்தம் கனநேரம் அப்பிடியே கிடந்தா செங்குருதிக் கலத்துக்குள்ள இருக்கிற பொட்டாசியம் வெளிய கசியும், ரிப்போர்ட்டில பொய்யாக் கூடிக் காட்டும். இதைத் தெரிஞ்சுகொண்டு அந்தத் தட்டைப் பார்த்துக்கொண்டே, மற்றக் கட்டில்ல ஒராளுக்கு ஒட்சிசன் போட்டுக்கொண்டு நிண்டன். என்னால நகர ஏலேல்லை.

அதுக்குள்ள அடுத்த வாட்டில இருந்து போன். "தமிழ் ஆள் ஒராள் வந்திருக்கிறார், கொஞ்சம் வந்து கதைச்சு விடுங்கோ." ஹட்டன் பக்கத்து ஐயா ஒராள், எங்க நோகுதெண்டு சொல்ல ஆளில்லாமல் முழிச்சுக்கொண்டு இருந்தவர். 1987இல இலங்கை அரசியலமைப்பின்ர 13ஆவது திருத்தத்தோட தமிழும் அரசகரும மொழி எண்டு சட்டத்தில எழுதியாச்சு. கொழும்பில ஒரு வாட்டில மொழிபெயர்க்க இண்டைக்கும் தமிழ்த் தாதியைத்தான் தேடி ஓடுகினம்! அந்த ஐயா என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு விடேல்லை. அந்த நேரம் எந்தக் கொப்பியிலயும் என்ர வேலையாப் பதிவாகாது.

2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு என்னோட படிச்ச கனபேர் வெளிநாடு போயிட்டினம். மிச்சமா நிக்கிற எங்களுக்கு வாட்டில எழுத்து வேலைக்கு ஒராள், லாபுக்கு ஓட ஒராள், தமிழ் தெரிஞ்ச மொழிபெயர்ப்பாளர் ஒராள் வேணும். இதைக் கேட்டாலே முகத்தைச் சுழிக்கினம்.

இண்டைக்கும் ஒரு மணிக்கு டியூட்டி. காலமை நிண்ட பிள்ளை போன் எடுத்தவ. பொட்டாசியம் கூடவாம், நம்பேலாதாம். ஊசி குத்திக் குத்தி நீலம் பாரிச்சுக் கிடக்கிற அந்த அம்மாவின்ர கையில திரும்பவும் இரத்தம் எடுக்கப் போகினமாம்.