திரவ ஒட்சிசன் எரிபொருள் அல்ல

யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக்குத் திரவ ஒட்சிசன் கொண்டுபோகும் பவுசரில் இருப்பது ரொக்கெட் எரிபொருள், தீப்பொறி பட்டால் தானாகவே எரியும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அச்சம் புரிகிறது, ஆனால் தகவல் சரியல்ல.

ரொக்கெட்டில் திரவ ஒட்சிசன் பயன்படுவது உண்மைதான். ஆனால் அது ஒட்சியேற்றி, அதாவது பிற பொருள் எரிய உதவுவது; எரிவது அந்தப் பிற பொருள்தான். ஜேர்மனியின் வி-2 ரொக்கெட்டில் எரிந்தது நீர் கலந்த எதனோல். ஒட்சிசன் அதை எரியச் செய்தது, அவ்வளவே.

அதற்காக அது சாதுவான பொருள் என்று சொல்ல வரவில்லை. 1967இல் அமெரிக்காவின் அப்பலோ 1 விண்கலத்தில் நடந்த பயிற்சியின்போது, தூய ஒட்சிசன் நிரம்பிய அதன் அறைக்குள் நைலோன் போன்ற பொருட்கள் கண் இமைக்கும் நேரத்தில் பற்றிக்கொண்டன. மூன்று விண்வெளி வீரர்கள் இறந்தார்கள். பவுசர் அருகே சிகரெட் பிடிக்கக்கூடாது என்பது இதனால்தான்.

சந்தேகம் இருப்பவர்கள் பவுசரில் ஒட்டியிருக்கும் மஞ்சள் அடையாளத்தைப் பாருங்கள்: வட்டத்தின் மேல் சுவாலை, ஒட்சியேற்றிக்கான குறி. எரியும் வாயு என்றால் சிவப்புப் பின்னணியில் வட்டமில்லாத சுவாலை இருக்கும். பள்ளிக்கூடத்தில் செய்த தணற்குச்சிச் சோதனையையும் நினைத்துப் பாருங்கள். ஒட்சிசன் குழாய்க்குள் சுடர்விட்டு எரிந்தது குச்சிதான், வாயு அல்ல.