ஐஸ்கிரீமாம், மழையாம், கண் திருஷ்டியாம்!

என் பொண்ணுக்கு டைபாய்டு. இன்னையோட பதினாலு நாள். காய்ச்சல் முந்தாநாள்தான் விட்டுச்சு. இந்தப் பதினாலு நாள்ல வீட்டுக்கு வந்தவங்க, போன் போட்டவங்க, லிஃப்ட்ல பார்த்தவங்கன்னு ஒருத்தர் பாக்கியில்லாம எனக்குக் காரணம் சொல்லிட்டாங்க. "ஐஸ்கிரீம் வாங்கிக் குடுத்திருப்ப"ன்னு மாமியார். "தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட ஃபேனுக்கு அடியில படுத்திருப்பா"ன்னு பெரியம்மா. மழையில நனைஞ்சதாம். பரீட்சை பயமாம். உடம்புச் சூடாம். மூணாவது மாடி அக்கா பேச்சோட நிறுத்தாம மிளகாயும் உப்பும் கொண்டுவந்து சுத்திப் போட்டுட்டே போனாங்க. புள்ள மேல கண்ணு பட்டிருக்காம்.

ஒருத்தர் வாயிலயாவது அந்த ஒரு வார்த்தை வந்துச்சா? பீ.

முகத்தைச் சுளிக்காதீங்க. நாங்க குடிச்சோ தின்னோ தொலைச்சிருக்கோம், உங்களுக்குப் படிக்கிறதுக்கே கூசுதா? டைபாய்டு கொண்டுவர்ற சால்மோனெல்லா டைஃபிங்கிற கிருமிக்கு மனுஷ உடம்பை விட்டா உலகத்துல வேற வீடே கிடையாது. அது மாட்டுல இல்ல, கோழியில இல்ல, மழைத்துளியில இல்ல. யாரோ ஒருத்தர் உடம்புல இருந்து கழிஞ்சது, தண்ணியிலயோ சட்னியிலயோ கலந்து என் பொண்ணு வாய்க்குள்ள போயிருக்கு. இதை வெளிய சொன்னா தண்ணி விடுறவன்ல இருந்து சமையல்கட்டு வரைக்கும் பதில் சொல்லணும். ஐஸ்கிரீம்னு சொல்லிட்டா பிரச்சினையே இல்ல பாருங்க, பழி மொத்தமும் புள்ளைக்கும் அவளைப் பெத்தவளுக்கும்.

இதுல எல்லாரும் கேட்ட கேள்வி ஒண்ணு இருக்கு. "காய்ச்சலுக்கு முந்தின நாள் என்ன சாப்பிட்டா?" அட, முந்தின நாள் சாப்பிட்டதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? உள்ள போன கிருமி சாதாரணமா ஒண்ணு ரெண்டு வாரம் சத்தமே காட்டாது. முதல்ல இரைப்பை அமிலத்தைத் தாண்டணும், அங்கயே ஏகப்பட்டது செத்துப்போகும். (நெஞ்செரிச்சல் மாத்திரையை வருஷக்கணக்கா தானா வாங்கி முழுங்கி அந்த அமிலத்தையே குறைச்சு வெச்சிருக்கிறவங்க உண்டு. எங்க வீட்டுக்காரரும் அதுல ஒருத்தர், அந்தச் சண்டை தனி.) தப்பிச்சது சிறுகுடலோட கடைசிப் பகுதிக்குப் போகுது. அங்க பேயர் திட்டுகள்னு நம்ம உடம்போட செக்போஸ்ட் இருக்கு. மேக்ரோஃபேஜ்னு ஒரு செல், அதுக்கு வேலையே கிருமியை முழுங்கிச் செரிக்கிறதுதான். இதையும் முழுங்குது. ஆனா செரிக்க முடியல! முழுங்குன செல்லுக்குள்ளயே குந்திக்கிட்டு இது பெருகுது. போலீஸ் ஜீப்புலயே ஏறி ஊரைச் சுத்துற திருடன் மாதிரி கல்லீரல், மண்ணீரல், எலும்பு மஜ்ஜைன்னு போய் இறங்குது. மேல சர்க்கரைப் பொருளால ஆன போர்வை வேற போர்த்தியிருக்கும், எதிர்ப்புச் சக்தி கண்ணுல சுலபமா சிக்காது. கூட்டம் பெருகி ரத்தத்துல வந்து இறங்கும்போதுதான் காய்ச்சல் நாளுக்கு நாள் ஏறுது. அப்புறம் பித்தப்பை, பித்தத்தோட சேர்ந்து திரும்பவும் குடல். கவனிக்காம விட்டா மூணாவது வாரத்துல அந்தத் திட்டுகள் புண்ணாகி, குடல்ல ஓட்டையே விழலாம். யாழ்ப்பாணத்துப் பக்கம் இதுக்கு நெருப்புக்காய்ச்சல்னு பேரு. பேரு வெச்சவன் பக்கத்துல உட்கார்ந்து ஈரத்துணி மாத்தினவனாத்தான் இருக்கணும்.

வைத்தியத்துக்கு வர்றேன். காய்ச்சல் வந்த ரெண்டாவது நாளே மெடிக்கல் ஷாப்புல ஒரு ஆன்டிபயாடிக் கட்டிக் குடுத்துட்டாங்க, சீட்டும் கேட்கல ஒண்ணும் கேட்கல. நாங்களும் வாங்கினோம், என் புத்தியையும் செருப்பால அடிக்கணும். அன்னைக்கே ஒரு லேப்ல வைடால் டெஸ்ட். ஒரு மணி நேரத்துல "நெகட்டிவ், பயப்படாதீங்க". ரெண்டாவது நாள்ல நெகட்டிவ் வராம என்ன வரும்? அந்த டெஸ்ட் கிருமியைத் தேடல, கிருமிக்கு எதிரா உடம்பு செய்ற ஆன்டிபாடியைத் தேடுது. அது உருவாகவே ஒரு வாரம் ஆகும். அதே சமயம் எப்பவோ வந்த பழைய டைபாய்டு, போட்ட தடுப்பூசி, சம்பந்தமே இல்லாத வேற காய்ச்சல்னு எதுக்கு வேணாலும் பாசிட்டிவ் காட்டும். 1896-ல வந்த டெஸ்ட்டுங்க அது! இன்னும் அதை வெச்சே ஊர்ல பாதிப்பேருக்கு டைபாய்டு பட்டம் கட்டிக்கிட்டிருக்காங்க.

அஞ்சாவது நாள் பார்த்த டாக்டரம்மாதான் எங்களைத் திட்டிக்கிட்டே பிளட் கல்ச்சர் எடுத்தாங்க, அதாவது ரத்தத்தை எடுத்து அதுல கிருமி வளருதான்னு பார்க்கிற டெஸ்ட். கிருமி வளர்ந்துச்சு. கடையில குடுத்த மாத்திரை இதுக்கு எடுபடவே எடுபடாதுன்னும் ரிப்போர்ட்ல வந்துச்சு. ஊசி ஏத்தித்தான் காய்ச்சல் இறங்குச்சு, அதுவும் உடனே இல்ல, நாலஞ்சு நாள் ஆச்சு.

டைபாய்டுக்குன்னு உருப்படியான மருந்து 1948-ல குளோராம்பெனிகால் ரூபத்துலதான் கிடைச்சுது. 1972-லயே கோழிக்கோட்டுல அதுக்கு அடங்காத கிருமி வந்துடுச்சு. அப்புறம் சிப்ரோன்னு இன்னொரு ஆன்டிபயாடிக் வந்துச்சு, அதையும் கிருமி கடிச்சுத் துப்பிடுச்சு. 2016-ல இருந்து பாகிஸ்தான் சிந்து மாகாணத்துல பரவுன கிருமிக்கு, என் பொண்ணுக்குப் போட்ட செஃப்ட்ரையாக்சோன் ஊசியே கேட்கல. அங்க வாய்வழியா குடுக்கன்னு மிஞ்சினது அஜித்ரோமைசின். அந்த அஜித்ரோமைசினை நாம எதுக்குப் போடுறோம்? மூக்கு ஒழுகுதுன்னு, மூணு நாளைக்கு, கடைக்காரர் கையால!

மாமியாரோட ஐஸ்கிரீமுக்கும் நியாயம் பேசிடுறேன், இல்லன்னா பாவம். நியூயார்க்ல மேரி மாலன்னு ஒரு சமையல்காரம்மா இருந்தாங்க. அவங்க வேலை பார்த்த வீடுகள்ல வரிசையா டைபாய்டு. அவங்களுக்கோ ஒரு நோயும் தெரியல. துப்புத் துலக்கின ஜார்ஜ் சோப்பர், அவங்க கையால பீச் பழத்தை வேகவைக்காம அப்படியே வெட்டிப்போட்டுச் செஞ்ச ஐஸ்கிரீம் மேலதான் சந்தேகப்பட்டார். அடுப்புல கொதிச்சதுல கிருமி செத்துடும், கையால தொட்டு அப்படியே தட்டுக்கு வர்றதுல சாகாது. 1907-ல பிடிச்சுத் தீவுல வெச்சாங்க. சமைக்க மாட்டேன்னு சொன்னதால 1910-ல விட்டாங்க. 1915-ல வேற பேர்ல ஒரு ஆஸ்பத்திரிச் சமையல்கட்டுல திரும்பச் சிக்கினாங்க. 1938-ல சாகிற வரைக்கும் அதே தீவுதான். இப்பவும் டைபாய்டு வந்து குணமானவங்கள்ல நூத்துக்கு ரெண்டுல இருந்து அஞ்சு பேர் வரைக்கும் பித்தப்பையில கிருமியைச் சுமந்துக்கிட்டு நல்லாவே நடமாடுறாங்க. அவங்களைக் குத்தம் சொல்லி என்ன? கக்கூஸுக்குப் பக்கத்துல ஒரு சோப்பு, அதுல கையைக் கழுவினா முடிஞ்சுது. இப்ப நீங்க கடைசியா சாப்பிட்ட ஓட்டல்ல கை கழுவுற இடத்தை நினைச்சுப் பாருங்க. அந்தப் பச்சைக் கலர் டப்பாவுல தண்ணி கலக்காத சோப்பு இருந்துச்சா?

எங்க வீட்டுக் கதை ஓட்டலா தண்ணியான்னு எனக்குத் தெரியாது. ஆனா தண்ணி மேலதான் சந்தேகம். எங்க தெருவுல காலையில ரெண்டு மணி நேரம் தண்ணி வரும். மத்த நேரம் குழாய் காலி. பக்கத்துலயே சாக்கடைக் குழாய். காலிக் குழாய்ல கீறல் இருந்தா வெளிய தேங்கி நிக்கிறது உள்ள கசியும். இது போதாதுன்னு எங்க பிளாக்குல நாலு பேர் மெயின் லைன்லயே மோட்டார் வெச்சு உறிஞ்சுறாங்க. மோட்டாருக்குத் தெரியுமா எது நல்ல தண்ணி, எது சாக்கடைன்னு? குழாய் முனையில லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் நிக்கணும். குளோரின் பார்க்கிற சின்ன பாட்டில் வாங்கிவந்து சொட்டு விட்டுப் பார்த்தேன். குளோரின் இருந்தா தண்ணி மஞ்சளா மாறணும், மஞ்சள் கலர் எட்டிக்கூடப் பார்க்கல.

அதைப் போட்டோ எடுத்து அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப்புல போட்டு, மோட்டாரைக் கழட்டுங்க, தொட்டியைக் கழுவுங்கன்னு எழுதினேன். நாப்பத்திரண்டு பேர் பார்த்தாங்க. ராத்திரி பத்து மணிக்குச் செயலாளர் கிட்ட இருந்து ஒரு பதில். "கெட் வெல் சூன் மேடம். குழந்தை வெளியில ஐஸ்கிரீம் ஏதாவது சாப்பிட்டிருக்கும்."

இன்னைக்குக் காலையில ஆறரைக்குத் தண்ணி வந்துச்சு. நாலு மோட்டாரும் ஓடுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டே குண்டானை அடுப்புல ஏத்தினேன்.