அந்தப் படத்தை இன்னும் அழிக்கவில்லை

எந்தப் படம் என்று கேட்க வேண்டாம். போன வெள்ளிக்கிழமையிலிருந்து உங்கள் எல்லோருடைய போனிலும் கிடக்கிற அதே படம்தான். பஸ் தரிப்பிடத்தில் நிற்கிற பொடியன், கையில் கிளினிக் பை, பக்கத்தில் பொலிஸ்காரர். மேலே சிவப்பு எழுத்தில் ‘போதைக் குளிசையுடன் சிக்கிய இளைஞன்’. கீழே கோப முகங்கள், கும்பிட்ட கைகள், ‘எங்கட சமூகம் எங்க போகுது’ என்று கவலைப்பட்ட பெரியவர்கள். அந்தப் பெரியவர்களில் ரெண்டு பேர் என்னுடைய கல்யாணத்தில் பந்தி பரிமாறினவர்கள்.

பத்து நிமிடத்தில் அந்தப் பொலிஸ்காரர் மருந்துத் துண்டையும் கிளினிக் கொப்பியையும் பார்த்துவிட்டு, ‘போங்க தம்பி’ என்று அனுப்பிவிட்டார். அந்தப் பத்து நிமிடத்தை யாரும் படம் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் யார் ஷெயார் பண்ணுவார்?

அது மோர்பின், கடும் வலிக்குக் கொடுக்கிற மருந்து. அவனுடைய அப்பாவுக்கு எழுதினது. புற்றுநோய் எலும்புக்குள் போன மனிசன். மட்டக்களப்புப் படுவான்கரையிலிருந்து விடிய எழும்பி, பஸ் மாறி, வரிசையில் நின்று மகன் வாங்கிக்கொண்டு போன மருந்து. சரி, படம் போட்டவருக்கு அது தெரியாது என்று வைப்போம். தெரிந்த பிறகும் ஏன் அழிக்கவில்லை?

நான் சொல்ல வருவது ஒன்றுதான். இந்தப் பதிவில் அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன், சலிப்பு வந்தால் கடந்து போங்கள். யாருக்கு எழுதினதோ அவருக்கு, எழுதின அளவில், எழுதின நேரத்துக்கு. அப்படிக் குடித்தால் அது மருந்து. இந்த மூன்றில் ஒன்று பிசகினாலும் அதே குளிசை ஆளை வதைக்கும், கொல்லவும் கூடும். குளிசைக்குள் பேயும் இல்லை, தெய்வமும் இல்லை.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ரெண்டு பக்கமும் பிசகிப் பார்த்திருக்கிறோம்.

என்னுடைய அப்பாவுக்கும் புற்றுநோய். அவருக்கு முதன்முதலாக மோர்பின் எழுதின அன்று வீடு செத்த வீடு மாதிரி ஆகிவிட்டது. அம்மா அந்தப் பையை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்தா. ‘மகள், கடைசிக் கட்டம் எண்டாத்தான் இத குடுப்பாங்களாம்’ என்று பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறார்கள். நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கா என்று துண்டில் தெளிவாக எழுதியிருந்தது. நாங்கள் என்ன செய்தோம்? அப்பா கத்தினால் மட்டும் கொடுத்தோம். அதுவும் பாதி. பாதிக் குளிசை கொடுத்துவிட்டு, ‘பழக்கத்துக்கு ஆளாகாமப் பாத்துக்கொண்டம்’ என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன். அந்த மனிசன் ஆறு நாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கட்டில் சட்டத்தைப் பிடித்துப் பிடித்து உள்ளங்கை சிவந்திருந்தது. எனக்கு இன்றைக்கும் அந்தக் கைதான் கனவில் வருகிறது.

அடுத்த கிளினிக்கில் நேர்ஸ் மிஸ்ஸி குளிசையை எண்ணிப் பார்த்தா. மிச்சம் கூடுதலாக இருந்தது. திட்டவில்லை. ‘நோவு வந்த பிறகு குடுக்கிறது, மழை வந்த பிறகு கூரை மேயிற மாதிரி தங்கச்சி’ என்றா. மணிக்கூட்டைப் பார்த்துக் கொடுக்கச் சொன்னா, அப்பாவின் முகத்தைப் பார்த்து இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1986ல் புற்றுநோய் வலிக்கு வெளியிட்ட வழிமுறையிலும் இதேதான் இருக்கிறது: முடிந்தவரை வாயால், மணிக்கூட்டின்படி, வலியின் படிக்கேற்ப. மிஸ்ஸி ஆண்டெல்லாம் சொல்லவில்லை, அது நான் பிறகு தேடிப் படித்தது. ஒழுங்காகக் கொடுக்கத் தொடங்கி மூன்றாம் நாள் அப்பா எழும்பி உட்கார்ந்து, ‘சொதி இருக்கா?’ என்று கேட்டார். முதல் ரெண்டு நாள் நல்ல தூக்கம், கொஞ்சம் ஓங்காளம். பிறகு அது குறைந்தது.

குறையாதது ஒன்று இருக்கிறது, அதை ஒருவரும் வெட்கத்தில் கேட்பதில்லை. மலச்சிக்கல். மற்றப் பக்க விளைவுகளுக்கு உடம்பு பழகும், இதற்குப் பழகாது. அப்பா அஞ்சு நாள் வெளிக்குப் போகவில்லை, நாங்கள் நோய் முற்றிவிட்டது என்று அழுதுகொண்டிருந்தோம். மோர்பின் தொடங்குகிற அன்றைக்கே மலம் இளக்குகிற மருந்தும் தொடங்க வேண்டும். அதையும் எழுதித்தான் தந்திருக்கிறார்கள். அந்தப் போத்தலை, ‘இது என்னத்துக்கு, வயிறு நல்லாத்தானே இருக்கு’ என்று ஒதுக்கி வைத்ததும் நான்தான்.

இது ஒரு பக்கம். மற்றப் பக்கத்தை எழுதக் கை வரவில்லை, எழுதத்தான் வேண்டும்.

அப்பாவைப் பார்க்க வந்து நின்ற சின்னம்மாவுக்கு முழங்கால் நோவு. சீனி வருத்தமும் இருக்கிறது, கிட்னியும் அவ்வளவு சரியில்லை, இரவில் தூக்கத்துக்கு ஒரு குளிசையும் போடுவா. அப்பாவுக்கு நோவு குறைந்ததைக் கண்ணால் பார்த்தவ. ஷோகேஸுக்கு மேல் இருந்த பையிலிருந்து ரெண்டு எடுத்துப் போட்டுவிட்டுப் படுத்துவிட்டா. ஷோகேஸுக்கு மேல் வைத்தது யார்? நான்தான். விடிய எழுப்பினால் எழும்பவில்லை. குறட்டை மாதிரி ஒரு சத்தம், இடையில் நீண்ட அமைதி, மறுபடி ஒரு மூச்சு. உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஓட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு கல்லடிப் பாலத்தைக் கடக்கும்போது அவவின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். பாலம் அவ்வளவு நீளம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. வாட்டில் கண்ணைத் திறந்து லைட் அடித்துப் பார்த்தார்கள், கண்மணி ஊசிமுனை அளவு. மோர்பினின் வேலையை முறிக்கிற நலொக்ஸோன் என்று ஒரு ஊசி. கொஞ்ச நேரத்தில் கண்ணை முழித்து என்னைத்தான் ஏசினா.

ஏன் அப்படி ஆனது என்று டொக்டர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் உடம்பு கிழமைக் கணக்கில் படிப்படியாகக் கூட்டின அளவுக்குப் பழகினது, சின்னம்மாவின் உடம்பு ஒரு நாளும் அதைக் கண்டதில்லை. மோர்பின் உடைந்து வருகிற பொருட்களைக் கிட்னிதான் வெளியேற்ற வேண்டும், கிட்னி பழுதென்றால் அவை உள்ளேயே தேங்கும். அதோடு தூக்கக் குளிசையும் சேர்ந்தால் ரெண்டும் கூட்டுச் சேர்ந்து மூச்சை அடக்கும். சாராயமும் அப்படித்தான். ‘ஒரு பெக் அடிச்சிட்டு வலிக் குளிசையும் போட்டா சும்மா பறக்கலாம்’ என்கிற அண்ணன்மாரே, அந்தப் பறப்பு அதுதான்.

சரி, இப்போது உங்களுடைய கேள்விகள். கொமெண்டில் வரப் போவது எனக்குத் தெரியும்.

‘நீங்க டொக்டரா?’ இல்லை. படம் போட்டவரும் நீதவான் இல்லையே.

‘அப்ப போதைக் குளிசைப் பிரச்சினையே இல்லையா? எங்கட பொடியன்கள் அழிஞ்சு போறது தெரியல்லையா?’ தெரிகிறது. வீட்டுக்குள்ளேயே தெரிகிறது, இதற்கு மேல் எழுத மாட்டேன். துண்டு இல்லாமல் ட்ரமடோல் என்கிற வலிக் குளிசையை விற்கிற கடையையும், அதைப் பெட்டி பெட்டியாகக் கடத்துகிறவர்களையும் பிடியுங்கள், படம் போடுங்கள், நானே முதல் ஆளாக ஷெயார் பண்ணுகிறேன். ட்ரமடோல் அளவு மிஞ்சினால் வலிப்பும் வரும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற சில மருந்துகளோடு அது சேரவும் கூடாது. ஆனால் நீங்கள் எல்லாவற்றையும் ‘போதைக் குளிசை’ என்று ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறீர்கள். செய்தியில் அடிக்கடி வருகிற பிரிகபலின், மோர்பின் சேர்ந்த ஓபியொயிட் வகையே இல்லை, அது வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் கொடுக்கிற வேறொரு மருந்து. எது எதுவென்றே தெரியாமல் எப்படி ஊரைக் காப்பாற்றுவீர்கள்?

‘அமெரிக்காவப் பாருங்க.’ பார்த்தேன். 1996ல் ஒக்ஸிகொன்டின் என்று ஒரு வலிக் குளிசையைக் கொண்டுவந்து, பழக்கமாகிற ஆபத்துக் குறைவு என்று சொல்லி விற்றார்கள். அந்தப் பொய்க்கு அந்தக் கம்பனி 2007ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒத்துக்கொண்டது. 2021ல் மட்டும் அங்கே மருந்தும் போதையும் மிஞ்சிச் செத்தவர்கள் ஒரு இலட்சத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி கள்ளமாக வருகிற பென்டனில் என்கிற வீரியமான வலி மருந்தால். முதுகு வலிக்கும் பல் வலிக்கும் மாதக் கணக்கில் அள்ளிக் கொடுத்ததில் தொடங்கின கதை அது. எங்கள் ஊரில் புற்றுநோய்க்காரருக்கே பாதிக் குளிசை உடைத்துக் கொடுக்கிறோம். அவர்களுக்கு வெள்ளம், எங்களுக்கு வறட்சி. வெள்ளத்தைக் காட்டி வறண்ட நிலத்துக்குத் தண்ணீரை மறிக்கிறீர்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். சாதாரண முதுகு நோவுக்கு இதை மாதக் கணக்கில் போடுகிறவர்கள் விலகத்தான் வேண்டும், பழக்கமாகிற ஆபத்து அங்கே நிசம். அதுவும் டொக்டரோடு கதைத்து, கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே நாளில் நிறுத்தினால் வியர்வை, நடுக்கம், வயிற்றோட்டம், தூக்கமின்மை என்று ஆளைப் போட்டு முறிக்கும். பிறசர் குளிசையைச் சட்டென்று விட்டாலும் சிலருக்கு உடம்பு குழம்பும், அதற்காக அவரைப் பிறசர் குளிசைக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை. உடம்பு பழகுவது வேறு, ஆசை பிடித்து அலைவது வேறு.

‘நாட்டு வைத்தியம் இருக்கே’ என்கிறவருக்குப் பதில் இல்லை. எலும்புக்குள் புற்றுநோய் போனவர் பக்கத்தில் ஒரு இரவு இருந்துவிட்டு வாருங்கள், கதைப்போம்.

மோர்பின் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 1977ல் வந்த முதல் பட்டியலிலிருந்தே இருக்கிறது. எங்கள் இலங்கையில் அபினையும் அபாயகர மருந்துகளையும் கட்டுப்படுத்துகிற சட்டம் 1929ல் வந்தது. அதாவது கட்டுப்பாடு உங்களுடைய வாட்ஸ்அப் குழு தொடங்கின அன்றைக்கு முளைக்கவில்லை. சட்டம், துண்டு, கொப்பி, கையெழுத்து, எண்ணிக்கை எல்லாம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான், அந்தத் துண்டை ஒருக்கா வாசித்துப் பார்க்கிற பொறுமை. யாருக்கு எழுதினதோ அவருக்கு, எழுதின அளவில், எழுதின நேரத்துக்கு. வாசித்திருந்தால் அந்தப் பையில் ஒரு தகப்பனுடைய பெயர் இருந்ததைக் கண்டிருப்பீர்கள்.

இன்னொன்று. சொல்லாமல் விடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன். அந்தப் படத்தை எங்கள் குடும்பக் குழுவில் முதலில் போட்டது என்னுடைய மச்சான் ஒருவர், மூன்று கோப முகத்தோடு. இதே மச்சான்தான் அப்பாவின் அந்தியேட்டி அன்றைக்குக் கிணற்றடியில் என்னைக் கூப்பிட்டு, ‘மாமாட குளிசை மிச்சம் ஏதும் கிடக்கா? இடுப்பு ஒரே நோவு’ என்று கேட்டவர். கொடுக்கவில்லை. மிஞ்சினதெல்லாம் எண்ணிக் கட்டி கிளினிக்கில் திருப்பிக் கொடுத்தாயிற்று என்று சொன்னேன். ‘சும்மா வீணாக்கிட்டீங்க’ என்று முகத்தை நீட்டிக்கொண்டு போனார். அன்றைக்கு இடுப்பு நோவு, இன்றைக்குச் சமூக அக்கறை. மச்சான், நீங்கள் இதை வாசிப்பீர்கள் என்று தெரியும். லைக் போட வேண்டாம்.

நேற்று இரவு அந்தப் பொடியனுடைய அம்மா எடுத்தா. என்னுடைய நம்பர் யாரோ கொடுத்திருக்கிறார்கள். ‘மகள், அவன் இனிக் கிளினிக்குக்குப் போக மாட்டானாம். பள்ளிக்கூடத்துப் பொடியன்களெல்லாம் கூப்பிட்டுப் பகிடி பண்ணுறாங்களாம். குளிசை புதன்கிழமையோட முடியுது. மறுகா மனிசன் என்ன செய்யிற?’ என்று கேட்டா. அழவில்லை. அரிசி முடிகிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னா. பிறகு மெதுவாக, ‘நாளுக்கு ஒண்டக் குறைச்சிக் குடுத்து இழுத்துப் பாக்கவா?’ என்று கேட்டா. வேண்டாம் என்றேன். அந்தக் கணக்கு எங்கே கொண்டுபோய் விடும் என்று எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை நான் போகிறேன். கொப்பியும் துண்டும் என்னிடம் வந்துவிட்டது, யார் வாங்கி வருவது என்று கிளினிக்கிலும் பேசியாயிற்று. பன்னிரண்டு மணி போல அதே பஸ் தரிப்பிடத்தில், அதே வெள்ளைப் பையோடு நிற்பேன். படம் எடுக்கிறவர்கள் தாராளமாக வரலாம். துண்டு தெரிகிற மாதிரிப் பிடித்துக்கொள்கிறேன், அதையும் சேர்த்து எடுங்கள்.