போட்ரும்: உலக அதிசயத்தைக் குழியில் தேடாதீர்கள்

துருக்கியின் போட்ருமுக்குக் கிளம்புகிறவர்கள் அந்தத் தீபகற்பத்தின் வடமேற்குக் கரையிலுள்ள யாலிகாவாக்கில்தான் அறை தேடுகிறார்கள். கோடீஸ்வரப் படகுகள் வரிசைகட்டி நிற்கும் துறை, படம் எடுத்தால் அழகாகத்தான் வரும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் வடக்கிலிருந்து அடிக்கும் மெல்டெமி காற்று மதியத்துக்கு மேல் அந்தப் பக்கக் கடலைக் கலக்கிவிடும். தெற்குக் கரையில், பிதெஸ் பக்கம், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால் அலை குறைவு. அதே காரணத்தால் அங்கே காற்று மெத்தையில் படுத்துக் கண்ணயரக் கூடாது, கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விடும்.

அதனால் அறையைப் போட்ரும் ஊருக்குள், கோட்டைக்கு நடக்கிற தூரத்தில் போடுங்கள். யாலிகாவாக்கோ, அதே போலப் பகட்டான இன்னொரு கடலோர ஊரான துர்க்புக்குவோ, பேருந்து நிலையத்தில் டோல்முஷ் என்னும் மினி பஸ் ஏறினால் போய்விடலாம். பகட்டை ஒரு மதியம் பார்த்தால் போதும். துர்க்புக்குவில் மணல் கிடையாது, மரப்பாலத்தில் போட்ட சாய்வு நாற்காலிக்குத்தான் காசு. உட்காரும் முன் குறைந்தபட்சச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். மீன் எடைக்கணக்கில்தான் விற்கிறார்கள். எடை போட்டு விலை சொன்ன பிறகே சமைக்கச் சொல்லுங்கள். துருக்கிச் சட்டப்படி கடற்கரை பொதுமக்களுடையது, "ஹல்க் பிளாஜி" என்ற பலகை இருந்தால் அது நகராட்சிக் கடற்கரை. கூழாங்கல் அதிகம், ரப்பர் செருப்பு அவசியம்.

இனி பழைய ஊர். போட்ரும்தான் பழைய ஹாலிகார்னாசஸ், கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் பிறந்த ஊர். இந்தப் பகுதியை ஆண்டு கி.மு. 353இல் இறந்த மவுசோலஸுக்கு எழுப்பிய கல்லறை சுமார் 45 மீட்டர் உயரம், பண்டைய உலகின் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஆங்கிலத்தில் பெருங்கல்லறைக்கே 'மவுசோலியம்' என்று அவன் பெயர்தான் நிலைத்தது. இதை நம்பி நேரே அந்த இடத்துக்குப் போனால் ஒரு பள்ளம், சில தூண் துண்டுகள், ஒரு படிக்கட்டு. அரை மணியில் முகம் தொங்கிப்போய் வெளியே வருவார்கள். நிலநடுக்கத்தில் சரிந்ததை, 15ஆம் நூற்றாண்டில் செயின்ட் ஜான் வீரர்கள் என்ற கிறிஸ்தவப் போர்வீரர் சபையினர் கோட்டை கட்டப் பெயர்த்தெடுத்தார்கள். சலவைக்கல்லில் ஒரு பங்கு சுண்ணாம்புக்காகச் சூளைக்குப் போனது. மிஞ்சிய சிற்பங்களில் முக்கியமானவை 19ஆம் நூற்றாண்டில் லண்டன் போய், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

ஆகவே முதலில் கோட்டைக்குப் போங்கள். சுவரை நிதானமாகப் பாருங்கள்: கரடுமுரடான கல் நடுவே செதுக்கி வழவழவென்றிருக்கும் சதுரக் கல் கண்ணில் பட்டால், அதிசயத்தின் ஒரு துண்டு அதுவாக இருக்கலாம். பிறகு அந்தப் பள்ளத்தைப் பார்த்தால் அர்த்தம் புரியும்.

கோட்டைக்குள்தான் கடலடித் தொல்லியல் அருங்காட்சியகம். அதில் உலுபுருன் என்ற இடத்தில் கடலடியில் கிடைத்த பழங்காலக் கப்பலின் கூடத்தை அவசரமாகக் கடக்காதீர்கள். 1982இல் கடற்பஞ்சு எடுக்க மூழ்கியவர் காது வைத்த பிஸ்கட் மாதிரி உலோகம் கிடப்பதாகச் சொன்னதில் தொடங்கிய கண்டுபிடிப்பு. அந்தக் 'காது' நாலு மூலையும் இழுத்த மாட்டுத்தோல் போன்ற செம்புக் கட்டிகளின் முனை. கி.மு. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் மூழ்கிய அந்தக் கப்பலில் செம்பு சுமார் 10 டன், வெள்ளீயம் சுமார் 1 டன். பத்துக்கு ஒன்று: வெண்கலம் வார்க்கிற கணக்கு அப்படியே சரக்காக ஏறியிருக்கிறது! எகிப்திய அரசி நெஃபர்டிட்டி பெயர் பொறித்த தங்க முத்திரையும் அங்கேதான் கிடைத்தது. கோட்டைக்கு மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள், காலையிலேயே போங்கள். ஏற்றம் அதிகம், நிழல் குறைவு.

திரும்பும் விமானம் மாலையில் என்றால், விமான நிலையத்தைத் தாண்டி மிலாஸ் வரை போய் வாருங்கள். அங்கே குமுஷ்கெசென் என்ற ரோமானியர் காலக் கல்லறை நிற்கிறது. மவுசோலஸ் கல்லறையின் குட்டிப் பிரதி என்றுதான் பலரும் கருதுகிறார்கள். மேலே தூண்கள், படிப்படியாகக் கூம்பும் கூரை, தளத்தில் ஒரு துளை. அந்தத் துளை வழியாகத்தான் கீழே இருக்கும் இறந்தவர்களுக்குத் தேனும் பாலும் ஊற்றினார்களாம்.