12 வயதுக்கு ஃபவுண்டேஷன், 45 வயதுக்குப் பாக்கு கலர் சேலை

மதுரைப் பக்கம் இப்போது எந்தச் சடங்கு (பூப்புனித நீராட்டு) விசேஷத்துக்குப் போனாலும் மண்டப வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ் நிற்கிறது. அதிலிருக்கும் முகத்தைப் பார்த்து வயது சொல்லச் சொன்னால் யாரும் 24, 25 என்றுதான் சொல்வார்கள். மேடையில் உட்கார்ந்திருப்பது ஏழாவதோ எட்டாவதோ படிக்கிற பிள்ளை. கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஒட்டுக் கண்ணிமை, அரக்கு லிப்ஸ்டிக், கன்னத்தில் பளபளப்பு. தலையில் சவரி வைத்துக் கட்டிய கனத்த ஜடை, இடுப்பில் ஒட்டியாணம். இமையைத் தூக்கிப் பார்க்கவே அது சிரமப்படுகிறது.

அந்தப் பிள்ளையின் அம்மா பந்தியைக் கவனித்துக்கொண்டு, தாம்பூலப் பை கொடுத்துக்கொண்டு ஓரமாக நிற்பாள். அவசரத்தில் அப்பிய பவுடர், இழுத்துக் கட்டிய கொண்டை, பாக்கு கலரில் ஒரு சேலை. "நீ ஏன் ஒண்ணும் பண்ணிக்கல?" என்று கேட்டால் "எனக்கெதுக்கு மதினி, வயசாச்சுல்ல" என்பாள். நாற்பத்தைந்துதான் ஆகியிருக்கும்.

இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருக்கிறோம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆதங்கம். மேக்கப் சின்னவர்களின் வயதைக் கூட்டும், நாற்பதைத் தாண்டியவர்களின் வயதைக் குறைக்கும். நாம் கூட்டக்கூடாத முகத்தில் கூட்டுகிறோம். குறைக்க வழியிருக்கிற முகத்தை "இனிமே என்ன" என்று விட்டுவிடுகிறோம்.

இதை ஆராய்ச்சியாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கெட்டிஸ்பர்க் கல்லூரியின் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் ரஸ்ஸலும் அவருடைய குழுவினரும் 2019-ல் வெளியிட்ட ஆய்வு அது. 20, 30, 40, 50 வயதை ஒட்டிய பெண்களை மேக்கப் இல்லாமலும் மேக்கப்போடும் படம் எடுத்து, மற்றவர்களிடம் காட்டி வயதைக் கணிக்கச் சொன்னார்கள். நாற்பதிலும் ஐம்பதிலும் இருந்தவர்கள் மேக்கப் போட்ட படத்தில் இளமையாகத் தெரிந்தார்கள். முப்பதில் வித்தியாசம் இல்லை. இருபது வயதுப் பெண்கள் மேக்கப்பில் மூத்துத் தெரிந்தார்கள். இருபது வயதுக்கே இப்படி என்றால், பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் முகத்தில் அது என்ன செய்யும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

காரணமும் எளிதில் புரியக்கூடியதுதான். வயது ஏற ஏற உதட்டின் சிவப்பு குறைகிறது, புருவம் மெலிந்து வெளிறுகிறது, கண்ணின் ஓரம் மங்குகிறது. கண், புருவம், உதடு இவற்றுக்கும் சுற்றியுள்ள தோலுக்கும் இடையே இருந்த எடுப்பு, அதாவது நிற வித்தியாசம், குறைந்துகொண்டே வருகிறது. பார்க்கிறவர்கள் தம்மை அறியாமலே இதை வைத்தும் வயதைக் கணக்குப் போடுகிறார்கள் என்று ரஸ்ஸலும் அவருடைய கூட்டாளிகளும் 2013-லேயே எழுதினார்கள். பிறகு 2017-ல் பிரான்ஸ், சீனா, தென்னாப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கப் பெண்களின் முகங்களை வைத்துப் பார்த்தபோதும் பொதுவாக அதே போக்குதான் தெரிந்தது. நாற்பத்தைந்து வயதுக்காரி உதட்டில் கொஞ்சம் நிறமும் புருவத்தில் இரண்டு கோடும் போட்டால், குறைந்துபோன எடுப்பு திரும்ப வருகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு அந்த எடுப்பு இயற்கையாகவே இருக்கிறது. அங்கே மேற்கொண்டு போடுகிற எல்லாம் "பெரிய மனுஷி" என்கிற முகமூடியைத்தான் மாட்டிவிடுகின்றன.

இதில் எனக்குக் கோபம் வருகிற இன்னொரு விஷயம் உண்டு. விசேஷத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போதே "பிள்ளைய கொஞ்சம் கலராக்கணும்" என்று மெடிக்கல் ஷாப்பில் ஒரு ட்யூப் வாங்கித் தேய்க்க ஆரம்பிக்கிறார்கள். அந்த மாதிரி ட்யூப்கள் பலவற்றில் இருப்பது பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டுகள். முதல் இரண்டு வாரம் முகம் பளிச்சென்று இருக்கும், அதில் மயங்கித் தொடர்ந்து தேய்ப்பார்கள். அப்புறம் தோல் மெலிந்து அடியில் ஓடும் ரத்த நாளம் தெரியும், பரு கிளம்பும், கன்னத்தில் பூனைமுடி வளரும், வெயிலில் போனால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்கும். டாக்டர் சீட்டு இல்லாமல் இப்படிப்பட்ட ஸ்டீராய்டு கிரீம்களை விற்கக்கூடாது என்று 2018-லேயே மத்திய அரசு விதியை இறுக்கிவிட்டது. கவுண்டரில் பெயர் சொல்லிக் கேட்டால் இன்றும் பல இடங்களில் எடுத்து நீட்டுகிறார்கள். கலரும் வேண்டாம், ட்யூபும் வேண்டாம். அந்த வயதில் கழுவித் துடைத்த முகத்துக்கு ஒரு பொட்டும் கொஞ்சம் மையும் தாராளம்.

சரி, அம்மாக்களிடம் வருகிறேன்.

நாற்பதுக்கு மேல் மேக்கப் இளமையாகக் காட்டும் என்று சொன்னதும் மணப்பெண்ணுக்குப் போடுகிற அதே கனத்த மேக்கப்பை நினைத்துவிடக்கூடாது. கல்யாண வீடுகளில் மாப்பிள்ளையின் அம்மாவை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? காலையில் வீடியோ லைட்டில் வழுவழு என்று இருந்த முகம்தான். பேசிச் சிரித்து வியர்த்துத் துடைத்ததில் ஃபவுண்டேஷன் எல்லாம் மூக்கின் இரு பக்கக் கோடுகளிலும் கண்ணோரச் சுருக்கத்திலும் போய் உட்கார்ந்திருக்கும். மேலே போட்ட காம்பாக்ட் அந்தக் கோடுகளை வெள்ளையில் வரைந்து காட்டும். மேக்கப் போடாமல் வந்திருந்தால் அந்தச் சுருக்கம் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

வயது கூடக்கூடத் தோல் வறளும். வறண்ட தோலில் பவுடர் நிற்காது, திட்டுத் திட்டாகப் பிரியும். அதனால் முதலில் மாய்ஸ்சரைசர் போட்டு, அது உள்ளே இறங்க ஐந்து நிமிடம் விட வேண்டும். ஃபவுண்டேஷன் கருவளையம், மங்கு மாதிரி தேவைப்படுகிற இடத்தில் மட்டும் போதும். பவுடர் மூக்கிலும் நெற்றியிலும் தொட்டால் போதும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஷேடு. நம் நிறத்துக்கு இரண்டு படி வெளுத்த ஷேடை எடுப்பது பார்லர்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கறுப்பு, மாநிறத் தோலில் அது சாம்பல் பூத்துக் கிடக்கும். சாம்பல் பூத்த முகம் சோர்ந்த முகமாகத் தெரியும், சோர்ந்த முகத்துக்கு ஐந்து வயது கூடுதலாகத்தான் போடுவார்கள். கையின் மேல்புறத்தில் தடவிப் பார்ப்பதை விட்டுவிட்டு, தாடை ஓரத்தில் ஒரு கோடு இழுத்து வாசல் வெளிச்சத்தில் பாருங்கள். எந்த ஷேடு தெரியாமல் மறைகிறதோ அதுதான் நம்முடையது. பார்லரில் "இது போட்டா டல்லா இருக்கும்கா" என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

மை விஷயத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். கீழ் இமையில் அழுத்தி எழுதுகிற மை நம் ஊர்ப் புழுக்கத்தில் ஒரு மணி நேரத்தில் இறங்கிக் கண்ணுக்குக் கீழே நிழலாகப் படிந்துவிடும். ஏற்கெனவே கருவளையம் இருந்தால் நாலு ராத்திரி தூங்காதவள் போல ஆகிவிடும். மேல் இமையில் மெல்லிய கோடாகப் போட்டால் அதே மை கண்ணைத் திறந்து காட்டும். புருவத்தை நூல்போல் எடுக்கிற பழக்கம் நம்மில் நிறையப் பேருக்கு இளவயதிலிருந்தே தொற்றிக்கொண்டது. நாற்பதுக்கு மேல் புருவம் தானாகவே மெலியும். இனி இருப்பதைக் காப்பாற்றிக்கொள்வதுதான் நல்லது.

அடுத்தது தலைமுடி டை. இதில் என்னோடு சண்டைக்கு வருவார்கள் என்று தெரியும், பரவாயில்லை.

அட்டைக் கறுப்பு டை பெரும்பாலான முகங்களில் வயதைக் கூட்டத்தான் செய்கிறது. இயற்கையான கறுப்பு முடியை வெயிலில் பாருங்கள், ஒவ்வொரு இழையும் கொஞ்சம் கொஞ்சம் வேறு நிறம், இடையிடையே பழுப்பு ஓடும். டை அத்தனையையும் ஒரே கறுப்பாக்கிவிடும். முகம் ஐம்பதைக் காட்ட, தலை மட்டும் பதினெட்டு என்று சொல்லும். பார்க்கிறவர் கண் அந்தப் பொருத்தமின்மையில்தான் போய் நிற்கும். முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது. இரண்டு மூன்று வாரத்தில் வகிட்டின் இருபுறமும் வெள்ளைக்கோடு எழும்பும். முடி அடர்த்தி குறைந்தவர்களுக்கு வகிடே அகலமாகத் தெரியும். நெற்றியிலும் காதோரத்திலும் படிந்த கறை வேறு.

டை அடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆசைப்பட்டால் கறுப்பை விட்டு ஒன்றிரண்டு படி இறங்கி, அடர் பழுப்பு எடுங்கள். வேரில் வெள்ளை வந்தாலும் அவ்வளவு வெட்டித் தெரியாது. மருதாணி மட்டும் போட்டால் நரை செம்பட்டையாகும். அதன்மேல் அவுரி இலைப் பொடி போட்டால்தான் கறுப்பு பக்கம் வரும். கடையில் "கருப்பு மருதாணி" என்று விற்கிறார்களே, அதில் பலவற்றில் கெமிக்கல் டையில் இருக்கிற அதே பாரா-ஃபீனைலீன்டையமின் கலந்திருக்கும். இது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு முகம் வீங்கிக் கண் மூடிப்போகும். டை பாக்கெட்டுக்குள் இருக்கிற தாளில் 48 மணி நேரத்துக்கு முன்பே தோலில் தடவிச் சோதிக்கச் சொல்லியிருப்பார்கள். அதை யாரும் படிப்பதில்லை. பல வருடமாக அடித்து ஒன்றும் ஆகாதவர்களுக்கும் திடீரென்று ஒத்துக்கொள்ளாமல் போகலாம்.

நரை விஷயத்தில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்பது பழைய கதைதான். 2011-ல் மங்காத்தாவில் அஜித் நரைத்த தலையோடு வந்தார், அதற்குப் பிறகு ஊரிலுள்ள நாற்பது வயது ஆண்கள் எல்லாரும் சால்ட் அண்ட் பெப்பர் என்று நிமிர்ந்து நடந்தார்கள். அதே வயதில் ஒரு பெண் டை அடிப்பதை நிறுத்தினால், "உடம்பு சரியில்லையா?" என்று விசாரிக்கிறார்கள். நிர்மலா சீதாராமன் நரைத்த தலையோடும் கைத்தறிச் சேலையோடும் வருடா வருடம் பட்ஜெட் வாசிக்கிறார். அவருடைய அரசியல் எனக்குச் சம்மதமில்லை, ஆனால் அந்தத் தலையைப் பார்த்து யாரும் கிழவி என்று நினைப்பதில்லை. முடி ஒழுங்காக இருக்கிறது, சேலை மடிப்பு கலையாமல் நிற்கிறது. நரையை விடுகிறவர்கள் முடியை ஒழுங்காக வெட்டிக்கொள்வதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். நுனி பிளந்து எலிவால் மாதிரி தொங்குகிற நரைதான் தளர்ச்சியாகத் தெரியும்.

இனி துணி. "வயசுக்கு ஏத்த கலர்" என்று ஒரு சட்டத்தை யார் எழுதினார்களோ தெரியவில்லை. நாற்பது ஆனதும் சாம்பல், பாக்கு, மங்கிய பச்சை என்று ஒவ்வொன்றாக இறங்குகிறோம். செட்டிநாட்டு ஆச்சிகள் அறுபது எழுபது வயதில் கண்டாங்கி கட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? மஞ்சளும் அரக்கும் கறுப்புமாக அழுத்தமான கட்டம், அகலக் கரை. 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்ததும் அந்தக் கண்டாங்கியைத்தான் இப்போது இளவட்டங்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள். முகத்துக்கு நிறம் தேவைப்படுகிற வயதில்தான் நாம் நிறத்தைக் கழற்றுகிறோம்.

நிறத்தைக் கழற்றினால் வயது கூடும் என்று நம் சமூகத்துக்கு நன்றாகவே தெரியும். அதனால்தான் கணவனை இழந்தவளிடமிருந்து பொட்டையும் பூவையும் கலர் சேலையையும் ஒரே நாளில் பிடுங்கினார்கள். முப்பது வயதுக்காரியை அன்று மாலைக்குள் கிழவியாக்கினார்கள். இன்று பல வீடுகளில் அது இல்லை. ஆனாலும் "இனிமே உனக்கெதுக்கு" என்று சொல்கிற வாய் இன்னும் ஓயவில்லை, கணவன் இருக்கிறவளிடமும் அதையேதான் சொல்கிறது.

கடைசியாக, பெரும்பாலோர் கண்டுகொள்ளாத ஒன்று: அளவு ஜாக்கெட். சேலை எத்தனை ஆயிரத்துக்கு வாங்கினாலும் டெய்லரிடம் கொடுப்பது எப்போதோ தைத்த ஒரு பழைய ஜாக்கெட்டைத்தான். அதற்குப் பிறகு பிள்ளை பெற்றிருப்போம், எடை ஏறி இறங்கியிருக்கும், தோள் கொஞ்சம் முன்னால் வளைந்திருக்கும், மார்பு இறங்கியிருக்கும். டெய்லர் பாவம், பழைய உடம்புக்குத் தைத்து அங்கங்கே பிரித்து விடுகிறார். டக் பிடித்த இடம் மேலே நிற்கும், தோள் நழுவும், முதுகில் துணி திரளும், கை சதைப்பற்றுள்ள இடத்தில் இறுக்கிப் பிடிக்கும். பார்க்கிறவருக்கு ஜாக்கெட்டின் குறை தெரியாது, "அவளுக்கு உடம்பு தளர்ந்துபோச்சு" என்றுதான் தோன்றும். கை முட்டிக்குச் சற்று மேலே முடிகிற மாதிரி வைத்து, தோளைச் சரியாக நிறுத்தி, முந்தானை மடிப்பைத் தோள் முனையிலிருந்து ஒரு விரல் உள்ளே தள்ளிக் குத்தினால் பழைய சேலையே வேறு மாதிரி நிற்கும்.

தீபாவளிக்குத் துணி எடுக்கிறவர்கள் இந்த முறை டெய்லரிடம் பழைய ஜாக்கெட்டைக் கொடுக்காதீர்கள். டேப்பை எடுத்துப் புதிதாக அளக்கச் சொல்லுங்கள். கூட்டம் அதிகம், நேரமில்லை என்பார். இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, கூட்டமில்லாத காலை நேரமாகப் பார்த்துப் போங்கள்.